காலமறிதல்: இருதய சத்திரசிகிச்சையின் பின் வாதனாளித் துளைப்பு

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் சில மாதங்களுக்கு முன் கேட்டபோது, பள்ளி நாட்களின் நினைவுகளை எழுதுதலே எளிது என எண்ணினோம். அவ்வாறு எண்ணியிருந்த வாரத்திலேயே, வத்தளையில் எமது வீட்டுக்கு அணித்தாய் வாழும் பழைய மாணவர் ஒருவர் இரவு பத்து மணிக்குப் பின் வந்து வாயிற்கதவைத் தட்டினார். அவர்தம் தந்தையார் இளைப்பாறிய ஆசிரியர். இருதய வால்வு பழுதுற்றமையாற் கொழும்பிலுள்ள வைத்தியசாலை ஒன்றிலே சத்திரசிகிச்சை செய்யப்பெற்று, பத்து நாட்களாகச் செயற்கைச் சுவாசப் பொறியின் துணையுடன் கிடந்தவர்.

"ஐயா, அப்பாவின்ரை தொண்டையிலை ஓட்டை போடவேணுமாம். கையெழுத்துக் கேக்கினம். இனிச் சரிவராது எண்டுதானே இதுக்கு அர்த்தம்?" என்று அவர் கேட்டார்.

அன்றிரவு வாயாற் கூறிய விடையையே சிறிது விரித்து ஈண்டு எழுதுகின்றோம். மயக்க மருந்து வைத்தியத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பல்லாண்டு பணியாற்றி இளைப்பாறினோம். அந்நாட்களிலே இவ்வினாவை எத்தனையோ உறவினரின் முகங்களிற் கண்டோம். வாய்விட்டுக் கேட்டோர் மிகச் சிலர். கேளாதோர் கையெழுத்திட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்னும் எண்ணத்தோடு வீடு சென்றனர். வைத்தியர்க்கோ இதனினும் அரியதொரு வினா உண்டு. துளையிடும் நாள் எது என்பதே அது. முந்தினும் இடர் உண்டு. பிந்தினும் இடர் உண்டு. இவ்விரு வினாக்களையும் முறையே நோக்குவோம்.

மூச்சின் வழி

கல்லூரி ஆய்வுகூடத்திலே தவளையை அறுத்துப் பார்த்த நாளை உயிரியல் பயின்ற எவரும் மறந்திரார். தவளைக்கு மனிதருக்குள்ளது போன்ற விலாவெலும்புக் கூடு இல்லை; பிரிமென்றகடும் இல்லை. அது வாயின் அடித்தளத்தைத் தாழ்த்தி மூக்குத் துளைகளின் வழியாகக் காற்றை வாய்க்குள் எடுக்கின்றது. பின்னர் அத்தளத்தை உயர்த்திக் காற்றைச் சுவாசப்பைகளுக்குள் தள்ளுகின்றது. மனிதன் அவ்வாறு செய்வதில்லை. பிரிமென்றகடு தாழ, விலாவெலும்புகள் உயர, நெஞ்சறை விரிகின்றது. விரிந்த இடத்தை நிரப்பக் காற்றுத் தானே உட்புகுகின்றது. தவளை தள்ளுகின்றது, மனிதன் இழுக்கின்றான். இழுக்கும் வலியற்றுக் கிடக்கும் மனிதனுக்குத் தவளையின் முறையிலே காற்றைத் தள்ளிக் கொடுக்கும் கருவியே செயற்கைச் சுவாசப் பொறி.

காற்றைத் தள்ளுதற்கு ஒரு குழாய் வேண்டும். கழுத்தின் முன்புறத்தை விரலாற் றடவிப் பார்ப்போமாயின், குரல்வளைக்குக் கீழே வளையம் வளையமாய் ஒன்று தட்டுப்படும். அதுவே வாதனாளி. வளர்ந்தோரில் ஏறத்தாழ 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமுடைய இந்நாளியைப் பதினாறு முதல் இருபது வரையான கசியிழைய வளையங்கள் மடிந்துவிடாது தாங்குகின்றன. இதனுட் குழாய் செலுத்துதற்கு இரு வழிகள் உள. முதலாவது, வாய் வழியாகச் சென்று குரல்நாண்களின் இடையே புகுந்து இறங்குவது. மற்றையது, கழுத்தின் முன்புறத்தே, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வளையங்களின் அளவிலே சிறு துளையிட்டு, குரல்வளையைத் தீண்டாது நேரே உட்செல்வது. வைத்தியர் ரக்கியோஸ்ரமி என வழங்கும் இதனையே வாதனாளித் துளைப்பு என்கின்றோம்.

இவற்றைத் தமிழிலே கூறுதல் நம் நாட்டுக்குப் புதுவதன்று. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வாழ்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கியதோடு, மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தும் வந்தார். அந்நூல்கள் பிறந்த நாட்டிலே, தந்தையின் உடலில் நிகழவிருப்பது யாதென அறியாது மைந்தன் ஒருவன் கையெழுத்திட நேர்வது நமக்குப் பெருமை தருவதன்று.

அச்சம் பிறந்த வகை

துளையிட்டால் உயிர் போகும் என்னும் அச்சம் காரணமின்றித் தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டில் இச்சிகிச்சை பெரும்பாலும் தொண்டைக்கரப்பானால் மூச்சடைத்து மடியுந் தறுவாயிலிருந்த சிறாருக்கே செய்யப்பட்டது. பிரான்சு தேசத்துத் துரூசோ என்பார் ஏறத்தாழ இருநூறு சிறாருக்கு இதனைச் செய்து, அவருள் நாலிலொரு பங்கினரைக் காத்ததாக 1833இல் அறிவித்தார். அக்காலத்துக்கு அது பெருவெற்றி. ஆயினும் ஊரார் கண்டது பிழைக்காத முக்காற் பங்கினரையே. சாவின் வாயிலிலே செய்யப்படும் சிகிச்சை சாவுக்குக் காரணமாகத் தோன்றுதல் உலகியல்பு. அமெரிக்கரான ஷெவாலியர் ஜாக்சன் 1909இல் இதன் முறைகளை ஒழுங்குபடுத்தினார். குரல்வளையை ஒட்டி மிக உயரத்தில் வெட்டுதலே பிற்காலத்திற் காற்றுவழி சுருங்குதற்குக் காரணம் என்பதை 1921இல் எடுத்துக்காட்டினார். அதன்பின் இடர்கள் குறைந்தன.

நீண்டகாலச் சுவாசத் துணைக்கு இத்துளை பயன்படலாயின வரலாறு நம் மாணவர் அறிதற்குரியது. 1952இல் டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பெருகிற்று. பிளெக்டம் வைத்தியசாலையிலே மூச்சுத் தசைகள் செயலிழந்தோர் நாடோறும் வந்து சேர்ந்தனர். அவருட் பெரும்பாலோர் மடிந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள், மயக்க மருந்து வைத்தியரான பியோன் இப்சன் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்திலே துளையிடுவித்து, அதன்வழிக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள். எல்லார்க்கும் பொறி இல்லாமையால், ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு மாணவர் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் அருகமர்ந்து அப்பைகளை அமுக்கினர். மூச்சிழந்தோரின் மரண வீதம் எண்பதுக்கு மேலிருந்து பாதிக்கும் கீழாக இறங்கிற்று. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அம்மாணவர் கைகளிலிருந்து தோன்றின எனின் அது மிகையன்று.

அடுத்த ஆண்டு, 1953 மே 6ஆம் நாள், பிலடெல்பியா நகரில் யோன் கிப்பன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், இருதயத்தின் தொழிலையும் சுவாசப்பையின் தொழிலையும் பொறி ஒன்றிடம் ஒப்படைத்து, பதினெட்டு வயது மங்கை ஒருத்தியின் இருதயத்தைத் திறந்து அதன் குறையை நீக்கினார். நீண்டநாட் சுவாசம் ஊட்டும் வித்தையும் இருதயத்தைத் திறக்கும் வித்தையும் இவ்வாறு ஓராண்டுக்குள் வெற்றி கண்டன. நாம் எடுத்துக்கொண்ட வினா அவ்விரண்டும் கூடிய இடத்திலே பிறந்தது.

தமிழ்ப் பொதுமக்களுட் பலர் ரக்கியோஸ்ரமி என்னும் சொல்லைச் செய்தித்தாளிற் கண்டது 2016இல் ஆகும். தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா அவ்வாண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் சென்னையில் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். அடுத்து வந்த இடைத்தேர்தலுக்கான கட்சிப் படிவங்களிலே அவரது கையொப்பத்துக்கு மாறாக இடக்கைப் பெருவிரற் பதிவு காணப்பட்டது. அவர்க்கு அண்மையில் ரக்கியோஸ்ரமி செய்யப்பட்டுள்ளது, வலக்கையும் வீங்கியுள்ளது என வைத்தியர் ஒருவர் ஒக்டோபர் 27ஆம் நாளிட்டுச் சான்றளித்திருந்தார். அவர் டிசெம்பர் 5ஆம் நாள் காலமானார். அவர் இருதய சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவரல்லர். ஆதலின் அவர் வரலாறு நம் பொருளுக்கு நேரானதன்று. எனினும், துளைக்கும் மரணத்துக்கும் இடையே மக்கள் மனத்திலிருந்த முடிச்சு அந்நாட்களில் இன்னும் இறுகிற்று என்பது எமது கருத்து.

இருதய சத்திரசிகிச்சையின் பின்

இருதய சத்திரசிகிச்சை செய்யப்பெற்றோருட் பெரும்பாலோர் அன்றே அல்லது மறுநாளே பொறியிலிருந்து விடுபடுகின்றனர். அவர்க்கு வாய்வழிக் குழாயே போதும். சிலரே நாட்கணக்கிற் பொறியை நம்பிக் கிடக்கின்றனர். காரணங்கள் பல: இருதயம் முன்னரே மிக நலிந்திருத்தல், சிறுநீரகம் செயலிழத்தல், மூளைக்குக் குருதியோட்டம் தடைப்பட்டுப் பாரிசவாதம் நேர்தல், சுவாசப்பையில் நிமோனியா பற்றுதல், நெடுநாட் புகைபிடித்தலாற் சுவாசப்பை முன்னரே கெட்டிருத்தல், குருதிப் பெருக்கால் நெஞ்சை மீண்டும் திறக்க நேர்தல். பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பு இருதயத்தை ஒட்டிச் செல்லுதலின், அஃது ஊறுபட்டு அத்தகடு அசையாது நிற்றலும் உண்டு. நம் நாட்டிலே சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலால் வால்வு கெட்டு, நெடுங்காலம் இளைப்போடு வாழ்ந்து, இருதயம் தளர்ந்த பின்னரே சிகிச்சைக்கு வருவோரும் உளர். இவர்கள் பொறியிலிருந்து மீளச் சில நாட்கள் கூடுதலாகத் தேவைப்படுதல் வியப்பன்று.

வாய்வழிக் குழாயின் குறைகள் நாள் ஏற ஏறத் தோன்றும். அது குரல்நாண்களின் இடையே கிடந்து அவற்றை உறுத்துகின்றது. நோயாளி பேசவியலாது, விழுங்கவியலாது, வாயைத் தூய்மைசெய்தலும் அரிது. விழித்திருப்போர்க்கு அக்குழாய் பொறுத்தற்கரியது. ஆதலின் உறக்க மருந்து கொடுக்க நேர்கின்றது. உறக்க மருந்தால் இருமல் குன்றும், தசைகள் வற்றும், அறிவு மயங்கும், பொறியை விட்டு மீளுதலும் தாமதிக்கும். பொறிக்காக மருந்து, மருந்தினாற் பொறி என ஒன்றையொன்று பற்றும் சுழல் உண்டாகின்றது.

கழுத்துவழிக் குழாய் இச்சுழலை அறுக்கின்றது. குரல்வளை விடுபடும், உறக்க மருந்து குறையும், நோயாளி விழித்து, சாய்ந்து அமர்ந்து, உறவினரைக் கண்டுகொள்வார். குழாய் குறுகியதாதலின் மூச்சிழுக்கும் உழைப்பும் சளியை உறிஞ்சி எடுக்கும் வேலையும் எளிதாகும். பகலில் ஒரு மணி, இரண்டு மணி எனப் பொறியைக் கழற்றி, களைத்தால் மீண்டும் பூட்டி, படிப்படியாகப் பயிற்றலாம். எனவே வைத்தியர் துளையிடக் கேட்பது, நோயாளி மீள்வார் என்னும் எதிர்பார்ப்பினாலேயே பெரும்பாலும் நிகழ்வது. மீட்சிக்கு வழியே இல்லையெனக் கண்டோர்க்கு நல்ல வைத்தியர் இதனைப் பரிந்துரைக்கத் தயங்குவர். நண்பரின் முதலாம் வினாவுக்கு இதுவே விடை.

முந்தியும் பிழைத்தோம், பிந்தியும் பிழைத்தோம்

இவ்வளவு நன்மையுண்டெனின் முதல்நாளிலேயே துளையிட்டால் என்ன என்று மாணவர் கேட்கலாம். நாமும் ஒருகால் அவ்வாறே எண்ணினோம். எமது பொறுப்பிலிருந்த பெண்மணி ஒருவர்க்கு நான்காம் நாளிலே துளையிடுமாறு கூறினோம். அவர் இருதயம் மறுநாளே தேறத் தொடங்கிற்று. ஏழாம் நாள் பொறியின்றி மூச்சுவிட்டார். மூன்று நாள் பொறுத்திருப்பின் வாய்வழிக் குழாயை எடுத்துவிட்டு அவரை அனுப்பியிருக்கலாம். தாலிக்கொடி அணியும் கழுத்திலே அவர்க்கு வேண்டாத தழும்பு ஒன்றை நாம் இட்டோம்.

அப்பிழையை நினைந்து, பின்னொருவர்க்கு "நாளை தேறுவார், நாளை தேறுவார்" எனப் பதினெட்டு நாள் தள்ளிப்போட்டோம். அவர் உறக்க மருந்திலே கிடந்து தசை வற்றி, துளையிட்டபின்னும் எழுந்து உட்காரப் பல வாரங்கள் சென்றன. குரலும் நெடுநாள் கரகரத்தது. முந்தியது ஒரு பிழை. பிந்தியது மற்றொரு பிழை. இவை இரண்டும் எம் கணிப்பின் பிழைகளே.

ஒருவரது அனுபவங்கொண்டு விதி வகுத்தல் தகாது. ஆதலின் உலகெங்கும் செய்யப்பட்ட ஆய்வுகளை நோக்குதல் வேண்டும்.

ஆய்வுகள் கூறுவன

2004இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று 120 நோயாளரைக் கொண்டது. இரண்டு நாளுக்குள் துளையிட்டோருள் ஏறத்தாழ 32 வீதத்தினரும், இரு வாரம் கழித்துத் துளையிட ஒதுக்கப்பட்டோருள் ஏறத்தாழ 62 வீதத்தினரும் இறந்தனர் என அது கூறிற்று. இதனைக் கண்டு பலரும் விரைந்து துளையிடத் தலைப்பட்டனர். ஆயின் பெரிய ஆய்வுகள் அவ்வேறுபாட்டைக் காட்டவில்லை. 2010இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு 419 பேரைக் கொண்டு, ஆறு முதல் எட்டு நாளுக்குள் துளையிடுதலையும் பதின்மூன்று முதல் பதினைந்து நாளுக்குள் துளையிடுதலையும் ஒப்பிட்டது. நிமோனியா முந்தியோரில் 14 வீதமாகவும் பிந்தியோரில் 21 வீதமாகவும் இருந்தது. அவ்வேறுபாடு தற்செயலால் நேர்ந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கக் கணிதம் இடந்தரவில்லை.

2013இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஆய்வே மிகப் பெரியது. 909 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்கு நான்கு நாளுக்குள்ளும், மறுசாரார்க்குப் பத்து நாள் கழிந்தபின் இன்னும் தேவையாயின் மட்டும் துளையிடுவதென வகுத்தனர். முப்பது நாளுக்குள் இறந்தோர் முதற்சாராரில் 30.8 வீதம், மறுசாராரில் 31.5 வீதம். வேறுபாடு இல்லையென்றே கொள்ளலாம். இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பத்து நாள் பொறுத்த சாராருள் 44.9 வீதத்தினர்க்கே ஈற்றில் துளையிட நேர்ந்தது. ஏனையோருட் சிலர் அதற்குள் தேறினர். சிலர் அதற்குள் இறந்தனர். இவர் யாவரும் நெடுநாட் பொறி தேவைப்படுவோர் என அனுபவம் மிக்க வைத்தியராற் கணிக்கப்பட்டவரே. எவர்க்குப் பொறி நெடுநாள் தேவைப்படும் என முதல் வாரத்திற் கூறும் ஆற்றல் வைத்தியர்க்கு எவ்வளவு குறைவு என்பதை இவ்வெண் காட்டுகின்றது.

இருதய சத்திரசிகிச்சை செய்யப்பெற்றோரை மட்டுமே கொண்ட ஆய்வு பாரிஸ் நகரிற் செய்யப்பட்டு 2011இல் வெளிவந்தது. சத்திரசிகிச்சையின் பின் நான்கு நாட்களாகியும் பொறியிலிருந்து மீளாத 216 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு சாரார்க்கு உடனே துளையிடப்பட்டது. மறுசாரார் மேலும் பதினைந்து நாள்வரை வாய்வழிக் குழாயோடு காக்கப்பட்டனர். பொறியின்றிக் கழிந்த நாட்களிலோ, உயிர்பிழைத்தோர் தொகையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பொறுத்திருந்தோருள் 27 வீதத்தினர்க்கே பின்னர் துளை தேவைப்பட்டது. நால்வரில் மூவர் கத்தியினின்று தப்பினர். ஆயின் உடனே துளையிடப்பட்டோர்க்கு உறக்க மருந்து குறைவாகவே தேவைப்பட்டது, மனக்கலக்கம் குறைந்தது, குழாய் தற்செயலாகக் கழன்றுவிடுதலும் குறைந்தது, அவர்கள் விரைவில் எழுந்து அமர்ந்தனர்.

இவற்றால் நாம் பெறும் முடிபு இது: விரைதலால் உயிர் கூடுவதில்லை, அளவோடு பொறுத்தலால் உயிர் குறைவதில்லை. விரைதலாற் கிடைப்பது ஆறுதல். பொறுத்தலாற் கிடைப்பது தேவையற்ற துளையினின்று விடுதலை. ஆதலின், "இத்தனையாம் நாள் எல்லார்க்கும்" என்னும் விதி பொருந்தாது. நான்காம் ஐந்தாம் நாளிலிருந்து நாடோறும் வினாவை எழுப்புதலும், பத்தாம் நாளளவில் விடை கூறாது தட்டிக்கழியாமையும் தக்கன. அந்நாளளவிலும் மீட்சி அண்மையிற் றென்படாவிடின் துளையிடுதல் நன்று. மூளைத்தாக்கு, பிரிமென்றகட்டு நரம்பின் ஊறு முதலியவற்றால் நெடுநாட் பொறி தேவையென்பது ஐயமின்றித் தெரிந்தவிடத்து அதற்கு முன்னரே செய்தலும் தகும்.

வலி, காலம், இடன்

திருக்குறளின் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசர்க்குக் கூறிய அம்முறைவைப்பு நம் பொருளுக்கும் பொருந்துவதாகும். காலத்தை மட்டும் எண்ணுவோர் பிழைப்பர்; வலியும் இடனும் உடனெண்ணப்படல் வேண்டும்.

வலியாவது நோயாளியின் நிலை. பொறி தரும் ஒட்சிசனும் அமுக்கமும் மிக உயர்ந்திருக்கையில், அல்லது குருதியமுக்கம் மருந்துகளாலேயே தாங்கப்படுகையில், துளையிடுதற்கான சில நிமிட இடையூறும் ஆபத்தாகலாம். செயற்கை வால்வு பொருத்தப்பட்டோர்க்குக் குருதி உறையாது தடுக்கும் மருந்து இன்றியமையாதது. அம்மருந்தோடு துளையிட்டாற் குருதி பெருகும். அதனை நெடுநேரம் நிறுத்தினால் வால்வில் உறைவு தோன்றும். ஆதலின் சில மணிநேரத்துக்கு மட்டும் நிறுத்தக்கூடிய மருந்துக்கு மாற்றி, அவ்விடைவெளியிலே துளையிட்டு, மீண்டும் தொடங்குவர். இதற்கும் நாள் குறித்தல் வேண்டும்.

இடனாவது துளைக்கும் நெஞ்சுக் காயத்துக்கும் உள்ள அண்மை. இருதயத்தை அடைய நெஞ்சின் நடுவெலும்பு நெடுகப் பிளக்கப்படுகின்றது. பின்னர் கம்பியாற் பிணைக்கப்படுகின்றது. கழுத்துத் துளையோ அக்காயத்தின் மேல்நுனிக்குச் சில சென்ரிமீற்றர் மேலே அமைவது. துளைவழி வரும் சளியிலே கிருமிகள் உள. அவை இறங்கிப் பிளந்த எலும்பைப் பற்றினால் வரும் நோய் கொடியது. இவ்வச்சத்தாலேயே இருதய சத்திரசிகிச்சை நிபுணர் பலர் துளையிடலைப் பிந்திவைத்தனர். இத்தொடர்பு உண்டெனச் சில ஆய்வுகளும், இல்லையெனச் சில ஆய்வுகளும் கூறுகின்றன. மிக நலிந்தோர்க்கே துளையும் தேவைப்படுகின்றது, காயமும் ஆறாது நிற்கின்றது என்பதனால் எது காரணம் எனப் பிரித்தறிதல் அரிது. எனினும் காயத்தின் மேல்நுனி மூடிப் பொருந்தச் சில நாள் விடுதலும், இரு காயங்களுக்கும் இடையே ஊறுபடாத தோல் இருக்கச் செய்தலும் அறிவுடைமை. துளையை மிகத் தாழ்த்தி இடுதலும் ஆகாது. வாதனாளியின் முன்னே குறுக்கிட்டுச் செல்லும் பெருநாடியைக் குழாய் உராய்ந்து அரிக்கக்கூடும். அது மிக அரிது. நேர்ந்தால் உயிர்காத்தல் கடினம்.

1985இல் அமெரிக்கரான சியாலியா புதுமுறை ஒன்றை வெளியிட்டார். ஊசியாற் குத்தி, அதன்வழிக் கம்பி செலுத்தி, துளையைச் சிறிது சிறிதாக விரித்துக் குழாய் புகுத்தும் முறை அது. நோயாளியைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுசெல்லாது கட்டிலருகிலேயே செய்யலாம், காயமும் சிறிது. கட்டில்கள் குறைந்த நம் நாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இது பெரிதும் உதவுவது.

உறவினர் அறியவேண்டுவன

கையெழுத்திடுமுன் உறவினர் நான்கு வினாக்களைப் பணிவோடும் துணிவோடும் கேட்கலாம். பொறியிலிருந்து மீளத் தடையாயிருப்பது யாது? இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுத்தால் அத்தடை நீங்குமா? நெஞ்சுக் காயமும் குருதி மருந்தும் இதற்கு இடந்தருகின்றனவா? துளையிட்டபின் எவ்வழியால் மீட்கக் கருதுகின்றீர்கள்? நல்ல வைத்தியர் இவற்றை வெறுப்பதில்லை. பல சமயம் தம் எண்ணத்தையே தெளிவாக்கிக்கொள்ள இவை உதவும்.

துளையிட்டபின் கவனிக்கவேண்டுவனவும் உள. முதல் ஒரு வாரம் துளைவழி உறுதிப்பட்டிராது. குழாய் கழன்றாற் பிறர் கைவைத்தல் ஆகாது, உடனே தாதியரை அழைக்கவேண்டும். நோயாளி பேசாமை குரல் இழந்தமையாலன்று. காற்றுக் குரல்நாண்களைத் தாண்டாமையாலேயே. எழுதுபலகை ஒன்று கொடுப்பது நன்று. நம்மவர் அன்பினாற் செய்யும் இரு செயல்களையும் கூறவேண்டும். கோயிற்றீர்த்தத்தை நோயாளியின் வாயில் விடுவது வழக்கம். விழுங்குந்திறன் சோதிக்கப்படுமுன் ஒரு துளியும் சுவாசப்பைக்குள் இறங்கக்கூடும். நெற்றியிலே திருநீறு அள்ளிப் பூசுகையில் அதன் பொடி நேரே துளைக்குள் வீழும். தீர்த்தத்தைத் தலையிற் புரோட்சித்து, திருநீற்றை நீரிற் குழைத்து மெல்லத் தீட்டினால் இறைவன் குறைகொள்ளான்.

வத்தளை நண்பரின் தந்தையார்க்குப் பதினோராம் நாள் கட்டிலருகிலேயே துளையிடப்பட்டது. இரு நாளில் உறக்க மருந்து நிறுத்தப்பட்டது. மகன் நீட்டிய பலகையிலே அவர் முதலில் எழுதியது "இன்று என்ன கிழமை?" என்பதே, ஆசிரியரின் கையெழுத்து நடுங்கினும் வரி கோணவில்லை என்று மகன் எம்மிடம் கூறினார். பொறியைவிட்டு முற்றாக மீள மேலும் மூன்று வாரங்கள் சென்றன. பின்னர் குழாய் எடுக்கப்பட்டது. துளை சில நாளிற் றானே மூடிற்று. இப்போது மாலையில் நீர்கொழும்பு வீதியைக் கடந்து எமது வீட்டுக்கு நடந்து வருகின்றார். கழுத்திலே சிறு தழும்பு மட்டும் உண்டு. எல்லாரும் இவ்வாறு மீள்வரெனக் கூறோம். துளையிட்டும் மீளாதோர் பலர். அவர் நோயே அவரைக் கொண்டுசென்றது.

கொப்பன்ஹேகன் நகரிலே பையை அமுக்கிய மாணவர்க்கு நோயின் முடிவு தெரியாது. அடுத்த மூச்சு ஒன்றே அவர் கையிலிருந்தது. அதனைத் தவறாது கொடுத்தனர். வைத்தியம் பயிலப் புகும் நம் கல்லூரி இளைஞர் அதனை நினைவிற் கொள்வாராக. நோயாளியை நாடோறும் புதிதாய் நோக்கி, நேற்றைய கணிப்பை இன்று திருத்தும் பணிவே இத்துறையிற் காலமறிதல் ஆகும்.